வீட்டில் பார்ட்டி வைக்கும் முன்: சட்டச் சிக்கலில் மாட்டாமலிருக்க முழுமையான வழிகாட்டி

ஒருவர் தன் வீட்டில் குடித்துவிட்டுக் கிளம்பிய நண்பரை வெளியே வந்து வழியனுப்பினார். கார் பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசினார். கார் கிளம்பிப் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். சுமார் 25 நிமிடம் கழித்து, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்க நண்பரின் வீட்டுக்கு போன் செய்தார். எடுத்தது நண்பரின் மனைவி. எதிரே வந்த காரில் நேருக்கு நேர் மோதிவிட்டது என்றார்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1984ல் தீர்ப்புச் சொன்ன வழக்கு இது. பெரிய பார்ட்டிகூட இல்லை. வீட்டில் உட்கார்ந்து ஒன்றிரண்டு மணி நேரம் பேசியபடி குடித்ததுதான். ஆனால் மோதலில் பலத்த காயமடைந்த பெண் தொடுத்த வழக்கில், காரை ஓட்டியவரோடு ஊற்றிக் கொடுத்தவரும் எதிர்வாதியானார். விருந்தாளிக்குப் போதை ஏறிவிட்டது, அவர் வண்டி ஓட்டப் போகிறார், இந்த இரண்டும் தெரிந்தே தொடர்ந்து ஊற்றிக் கொடுத்தவரும் விபத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரே என்று நீதிமன்றம் சொன்னது.

அக்கறையாக போன் செய்த மனிதர் அவர். அந்த அக்கறை 25 நிமிடம் முன்னால், காரின் கதவருகே தேவைப்பட்டது.

இதற்கு நேர் எதிராக முடிந்த வழக்கும் உண்டு. 1998ன் கடைசி இரவில் கனடாவில் ஒரு வீட்டில் புத்தாண்டு பார்ட்டி. குடிப்பதை அவரவரே கொண்டு வர வேண்டும் என்ற ஏற்பாடு. வீட்டுக்காரர்கள் கொடுத்தது ஆளுக்குக் கொஞ்சம் ஷாம்பெய்ன் மட்டும். அங்கிருந்து கிளம்பிய ஒருவர் விபத்தை உண்டாக்கினார். ஒருவர் இறந்தார், 18 வயதுப் பெண் ஒருத்தி நடக்க முடியாதவளானாள். விருந்து கொடுத்தவர்கள் மீது அவள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2006ல் தள்ளுபடியானது. கூட்டம் கூட்டியதாலேயே, சாலையில் போகும் மூன்றாம் மனிதருக்கு அவர்கள் பொறுப்பாகிவிட மாட்டார்கள் என்றது நீதிமன்றம். ஆபத்தை உருவாக்குவதிலோ கூட்டுவதிலோ அவர்களுக்கே கை இருந்திருந்தால் கதை வேறு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விருந்து கொடுப்பவரை நோக்கி எந்த ஊர் நீதிமன்றமும் கேட்கும் கேள்விகள் புரியும். உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருக்க வேண்டுமா? உன்னால் தடுக்க முடிந்திருக்குமா? கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விகளுக்கு நேர்மையான பதிலோடு நிற்பதற்கான தயாரிப்பு. சட்டம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் நகரத்துக்கு நகரம் மாறும். நான் தரும் நாட்டு உதாரணங்கள் சட்டம் எப்படி யோசிக்கிறது என்று காட்டத்தான். உங்கள் ஊர் விதியை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 1: முதலில் காகிதங்கள்

பார்ட்டிக்கு இரண்டு வாரம் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தை முழுசாகப் படியுங்கள். கூட்டம், சத்தம், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு, விருந்தாளிகள் எண்ணிக்கை ஆகிய சொற்கள் வரும் இடங்களில் கோடு போடுங்கள். ஒப்பந்தத்தை மீறினால், போலீஸ் வாசலுக்கு வராமலேயே வீட்டைக் காலி செய்யும் நிலை வரலாம். அடுக்குமாடி என்றால் அசோசியேஷன் விதிகள். மாடி, தாழ்வாரம், பார்க்கிங் எதுவும் உங்கள் வீட்டுக்குள் அடங்காது. அங்கே கூட்டம் பரவினால் நீங்கள் அனுமதியில்லாமல் பொது இடத்தைப் பயன்படுத்தியவர்.

பார்ட்டிக்கென்றே சில நாள் வாடகைக்கு வீடு எடுக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. வீடுகளை நாள் வாடகைக்கு ஏற்பாடு செய்யும் ஏர்பிஎன்பி தளம் 2020 ஆகஸ்ட்டில் உலகம் முழுக்கப் பார்ட்டிகளுக்குத் தற்காலிகத் தடை போட்டது. 2022 ஜூனில் அதை நிரந்தரமாக்கிவிட்டது. பொய் சொல்லி முன்பதிவு செய்தால், ஏதாவது நடந்த பிறகு எந்தப் பாதுகாப்பும் உங்கள் பக்கம் நிற்காது.

அடுத்து இன்சூரன்ஸ். வீட்டுக்குப் பாலிசி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலருக்கு, அது கட்டடத்துக்கும் பொருளுக்கும் மட்டும்தான் என்பது தெரியாது. உங்கள் வீட்டில் வேறொருவர் அடிபட்டால் அவர் கேட்கும் இழப்பீட்டைக் கொடுப்பது பொறுப்புக் காப்பீடு என்ற தனிப் பகுதி. அது இருக்கிறதா, எவ்வளவு தொகைவரை, எவற்றுக்குக் கிடையாது என்று மூன்று கேள்வி கேளுங்கள். வேண்டுமென்றே செய்த காரியத்துக்கும், காசு வாங்கி நடத்திய நிகழ்ச்சிக்கும் பெரும்பாலும் கிடையாது. டிராம்போலினையும் சில இன நாய்களையும் ஒதுக்கிவைக்கும் பாலிசிகளும் உண்டு. போனில் கேட்டது போதாது. மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

படி 2: யார் வருகிறார்கள், எத்தனை பேர்

2012 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஹாரன் என்ற சிற்றூரில் ஒரு பெண் தன் 16வது பிறந்தநாளுக்கு ஃபேஸ்புக்கில் அழைப்பு போட்டாள். அதை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றாமல், எல்லோருக்கும் தெரியும்படி விட்டுவிட்டாள். அன்று இரவு ஊருக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து இறங்கினார்கள். கடைகள் உடைந்தன, கார் எரிந்தது, கலவரத் தடுப்புப் போலீஸ் வந்தது. ஒரு செட்டிங் செய்த வேலை.

அதனால் அழைப்பைப் பெயர் சொல்லி அனுப்புங்கள். "யாரையாவது கூட்டிட்டு வா" என்ற வரியை எழுதவே எழுதாதீர்கள். முகவரியைக் கடைசி நாளில் மட்டும் கொடுங்கள். குரூப்பில் சேர்க்கும் அதிகாரத்தை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கதவருகே நிற்க, குடிக்காத ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அழைக்காமல் வந்தவரை "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு. உள்ளே விட்டுவிட்டால் அவரும் உங்கள் விருந்தாளி, அவருக்கும் நீங்கள் பொறுப்பு.

எண்ணிக்கை விஷயத்தில் எனக்கு நிஜமான பயமே உண்டு. 2003 ஜூன் 29 அதிகாலை சிகாகோவில் ஒரு பார்ட்டியின்போது, அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புற மரத் தாழ்வாரம் ஒன்று இடிந்து அடுத்தடுத்த மாடிகளோடு கீழே விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். 2015 ஜூனில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தநாள் பார்ட்டி நடந்த வீட்டின் நான்காவது மாடி பால்கனி முறிந்தது. ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். உள்ளே தண்ணீர் இறங்கி மரம் உளுத்துப்போயிருந்தது, வெளியில் பார்த்தால் தெரியாது. கட்டியவரும் பராமரித்தவரும் பதில் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் பால்கனியில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று முடிவு செய்ய அன்றிரவு முடிந்த ஒரே ஆள் விருந்து கொடுப்பவர். ஈரம் ஊறிய, விரிசல் விட்ட, மிதித்தால் அசையும் பால்கனி என்றால் அன்றைக்குப் பூட்டிவிடுங்கள். நன்றாக இருந்தாலும் ஆடும் இடமாகவும் போட்டோ எடுக்கும் இடமாகவும் அதை ஆக்காதீர்கள்.

படி 3: விருந்தாளியின் கண்ணோடு வீட்டைச் சுற்றி வாருங்கள்

பகலில் ஒருமுறை, விளக்கு போட்ட பிறகு ஒருமுறை. வாசலில் தொடங்கிக் கழிவறைவரை நடங்கள்.

வீட்டை அனுபவிப்பவர் வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டிய கவனம் பற்றி இங்கிலாந்தில் 1957ல் தனிச் சட்டமே வந்தது. அதன் சாரம் எல்லா இடத்துக்கும் பொருந்தும்: எந்த வேலைக்காக ஒருவரை அழைத்தீர்களோ, அதற்கு அவர் வீட்டைப் பயன்படுத்தும்போது நியாயமான அளவு பத்திரமாக இருக்க வேண்டும். நூற்றுக்கு நூறு பாதுகாப்பை யாரும் கேட்கவில்லை. ஒருவரை மாடிப்படி ஏறி வரச் சொன்னால், கைப்பிடியில் சறுக்கி விளையாடச் சொன்னதாக ஆகாது என்று ஆங்கில நீதிபதி ஸ்க்ரட்டன் 1927 தீர்ப்பொன்றில் சொன்ன விளக்கம் இன்றும் சட்டக் கல்லூரிகளில் சொல்லப்படுகிறது. அதே 1957 சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: பெரியவர்களைவிடக் குழந்தைகள் கவனக்குறைவாக இருப்பார்கள் என்பதை வீட்டுக்காரர் எதிர்பார்த்தே தீர வேண்டும்.

எங்கள் வீட்டுப் படிக்கட்டில் கடைசிப் படி மற்றவற்றைவிட இரண்டு விரல் உயரம் குறைவு. பல வருடமாகப் பழகிய எங்கள் கால்களுக்கு அது தெரியும். ஒரு விருந்தின்போது மாடியிலிருந்து தட்டுகளோடு இறங்கிய தோழியின் காலுக்குத் தெரியவில்லை. தரை வந்துவிட்டது என்பதை அவள் கால் எதிர்பார்க்காத நேரத்தில் தரை வந்தது. கணுக்கால் பிசகி ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாள். வழக்கு எதுவும் போடவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரிந்திருந்தது, அவளுக்குச் சொல்லவில்லை. அடுத்த நாளே அந்தப் படியின் விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டினேன். வேலை முடிய நான்கு நிமிடம் ஆனது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். உங்களுக்குப் பழகிப்போன ஆபத்துதான் சட்டத்தின் கண்ணில் மோசமானது, ஏனென்றால் "தெரியாது" என்று உங்களால் சொல்ல முடியாது. தூக்கினால் மட்டும் பூட்டும் கதவு, ஆடும் கைப்பிடி, ஷாக் அடிக்கும் சுவிட்ச், நனைந்தால் வழுக்கும் டைல்ஸ், மடங்கிக் கிடக்கும் கம்பள ஓரம். சரி செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் அடைத்துவையுங்கள், அல்லது எழுதி ஒட்டுங்கள், வாயாலும் சொல்லுங்கள். நீச்சல் குளம் இருந்தால் குடி தொடங்கும் நேரத்தில் அதை மூடிவிடுவதே சரி. எக்ஸ்டென்ஷன் வயர்களை நடைபாதையின் குறுக்கே ஓட விடாதீர்கள். வெளியேறும் வழியில் நாற்காலிகளை அடுக்காதீர்கள்.

நாய் இருந்தால், எவ்வளவு சாதுவானாலும் தனி அறையில் விடுங்கள். கலிஃபோர்னியா மாதிரியான இடங்களில், நாய் இதற்கு முன் யாரையும் கடித்ததில்லை என்பது பதிலே ஆகாது. கடித்தால் உரிமையாளர் கொடுத்தாக வேண்டும். அந்நியர் இருபது பேர், உரத்த இசை, கீழே விழும் தட்டு, இதில் எந்த நாயும் தன் இயல்பில் இருக்காது.

படி 4: குழந்தைகள் வரும் பார்ட்டி என்றால்

பிறந்தநாளுக்கு வாடகைக்கு எடுத்த காற்றடைத்த குதிக்கும் மெத்தை. பிள்ளைகள் துள்ளிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த இன்னொரு விளையாட்டில் ஒரு குழந்தைக்கு உதவ அம்மா திரும்புகிறார். அந்தச் சில நொடிகளில் 15 வயதுப் பையன் ஒருவன் குட்டிக்கரணம் போட, அவன் குதிகால் 11 வயதுப் பையனின் தலையில் பட்டு மண்டையோடு உடைகிறது. இங்கிலாந்தில் 2008ல் உயர் நீதிமன்றம் அந்த அம்மாவைப் பொறுப்பாளி என்றது. சில வாரங்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எந்தப் பெற்றோரிடமும் கேட்பது நியாயமில்லை.

தீர்ப்பு அம்மாவின் பக்கம் வந்தது. ஆனால் அந்தப் பையனின் தலைக்கு அது எதையும் திருப்பித் தரவில்லை. இந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒரு பெரியவர் இரண்டு ஆபத்தான விளையாட்டுகளைப் பார்க்க முடியாது, ஒன்றுக்கு ஒருவர் வேண்டும். பெரிய பிள்ளைகளையும் சிறியவர்களையும் ஒரே நேரத்தில் ஏற்றாதீர்கள். வாடகைக்குக் கொடுப்பவர் தரும் விதித்தாளைப் படித்து, அதில் உள்ளபடி செய்யுங்கள். வழக்கு வந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான்.

உணவு ஒவ்வாமை பற்றி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். கேட்ட பிறகு மறந்தால் அது கேட்காததைவிட மோசம், எனவே பதிலை எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள்.

படி 5: காசு வாங்காதீர்கள்

நண்பர்கள் செலவைப் பகிர்ந்துகொள்வது வேறு. வாசலில் நின்று தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது முற்றிலும் வேறு. 2014ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், வீட்டுப் பார்ட்டிக்கு அழைக்காமல் வந்தவர்களிடம் சில டாலர் நுழைவுக் கட்டணம் வாங்கியிருந்தார்கள். உள்ளே மது இருந்தது. கட்டணம் கொடுத்துப் போன 20 வயது இளைஞன் போதையில் ஓட்டிய கார் ஒருவரைக் கொன்றது. அந்த மாநிலத்தில் வீட்டில் விருந்து கொடுப்பவருக்குச் சட்டமே நல்ல பாதுகாப்புத் தந்திருக்கிறது. ஆனால் கட்டணம் வாங்கியதால் நீங்கள் மது விற்றவர் ஆகலாம், அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாமல் போகலாம் என்றது நீதிமன்றம்.

இங்கிலாந்திலும் 2003ன் உரிமச் சட்டப்படி உரிமமில்லாமல் மது விற்பது குற்றம். டிக்கெட் விலையில் மது அடங்கியிருந்தால் அதுவும் விற்பனைதான். சீட்டாட்டத்திலும் இதே கோடு. சிங்கப்பூரின் 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் விளையாடுவதை அனுமதிக்கிறது, ஆனால் நடத்துபவர் அதில் லாபம் பார்க்கக் கூடாது. இசையிலும் அப்படியே. குடும்பமும் வழக்கமான நட்பு வட்டமும் கேட்கும் பாட்டுக்கு யாரும் உரிமத்தொகை கேட்டு வருவதில்லை. முன்பின் தெரியாதவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டால் அது பொது நிகழ்ச்சி. காசு கை மாறும் இடத்தில் உங்கள் வீடு கடையாகிவிடுகிறது, கடைக்காரரின் பொறுப்பு முழுதும் உங்கள் தலையில் வந்து விழுகிறது.

படி 6: மது

முதலில் வயது. இதில் இடமே கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் குடிப்பதற்கான வயது 21. விருந்தாளிகளின் குடிக்கு வீட்டுக்காரரைப் பொறுப்பாக்காத கலிஃபோர்னியாகூட, 21 வயதுக்குக் குறைந்தவருக்குத் தன் வீட்டில் தெரிந்தே கொடுக்கும் பெரியவருக்கு 2011 முதல் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. இந்தியாவில் 2015ன் சிறார் நீதிச் சட்டத்தின் 77வது பிரிவு, 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுத்தால் ஏழு ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் என்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், வேறொருவர் பிள்ளைக்கு அவன் பெற்றோரின் அனுமதி இல்லாமல் வீட்டிலேயே கொடுத்தாலும் குற்றம்.

"வெளியே போய்க் குடிப்பதைவிட என் கண்முன்னால் குடிக்கட்டும்" என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுடைய பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கண்முன்னால் நடந்தது என்பதே உங்களுக்கு எதிரான சாட்சி. கல்லூரிப் பிள்ளையின் பார்ட்டி என்றால், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வேண்டாம். இருக்கும் நாளில் பாட்டில்களைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது, எல்லோரும் தாங்களே ஊற்றிக்கொள்ளும் மேசையை வைக்காமல் ஒரே ஆள் ஊற்றும்படி செய்யுங்கள். அந்த ஆள் குடிக்காதவராக இருந்தால் யார் எத்தனையாவது கிளாஸில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். சாப்பாட்டை நேரத்தோடு போடுங்கள். பார்ட்டி முடிய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே பாட்டிலை மூடிவிடுங்கள்.

ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். உடல் மதுவை வெளியேற்றும் வேகம் மணிக்கு 100 மில்லி ரத்தத்தில் சுமார் 15 மில்லிகிராம். காபியும் குளிர்ந்த தண்ணீரும் அதைக் கூட்டாது. ஓட்டுவதற்கான வரம்பு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 80 மில்லிகிராம், ஸ்காட்லாந்தில் 50, இந்தியாவில் 30. ரத்தத்தில் 120 மில்லிகிராம் ஏறிய ஒருவர் 30க்கு இறங்க ஆறு மணி நேரம் ஆகும். நள்ளிரவில் கிளம்பும்போது மட்டுமல்ல, விடிகாலை ஐந்து மணிக்கும் அவர் சாவியைத் தொடக் கூடாது.

படி 7: சத்தம்

பெரும்பாலான வீட்டுப் பார்ட்டிகளுக்குப் போலீஸ் வரக் காரணம் இதுதான், தவிர்க்க எளிதானதும் இதுதான். இந்தியாவின் 2000ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை என்று இரவைப் பிரிக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இங்கிலாந்தின் 1996 சத்தச் சட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை. ஜெர்மனியில் பொதுவாக இரவு 10 மணிக்கே அமைதி நேரம் தொடங்கிவிடும்.

மூன்று நாள் முன்பே பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லுங்கள், உங்கள் போன் எண்ணைக் கொடுங்கள். தொந்தரவு என்றால் முதலில் உங்களுக்கு போன் வரும். அது வந்தால் எடுங்கள், உடனே குறையுங்கள். அன்றிரவு நீங்களே பக்கத்து வீட்டுச் சுவர் ஓரம் போய் நின்று கேளுங்கள். பேஸ் ஒலி சுவரைத் தாண்டும், பாட்டு வரி தாண்டாது. உள்ளே இருப்பவருக்குச் சத்தம் குறைவாகத் தோன்றுவது அதனால்தான்.

படி 8: போதைப்பொருள், கேமரா, மூடிய அறைகள்

நீங்கள் தொடவில்லை என்பது போதாது. இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்தின் 25வது பிரிவு, தன் இடத்தை அதற்குத் தெரிந்தே அனுமதித்தவருக்கும் அந்தக் குற்றத்துக்கு உரிய தண்டனையையே சொல்கிறது. இங்கிலாந்தின் 1971 சட்டத்தின் 8வது பிரிவிலும் வீட்டை வைத்திருப்பவர் தெரிந்தே விட்டால் குற்றம். பால்கனியிலிருந்து வாசனை வந்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வது "தெரியாது" ஆகாது. அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லி, வெளியே அனுப்புங்கள்.

வீட்டுக்குள் கேமரா இருந்தால் அணைத்துவிடுங்கள், அல்லது எல்லோருக்கும் சொல்லுங்கள். படுக்கையறை, கழிவறைப் பக்கம் எந்த நிலையிலும் கூடாது, அது பல நாடுகளில் நேராகச் சிறைக் குற்றம்.

இன்னொன்றை நேராகச் சொல்கிறேன். நினைவில்லாத நிலையில் இருப்பவரால் சம்மதம் தர முடியாது. நிற்க முடியாதவரைக் கையைப் பிடித்து ஒருவர் அறைக்குள் அழைத்துப் போவதை நீங்கள் பார்த்தால், குறுக்கே போய் நில்லுங்கள். அந்த நபருக்கு நெருக்கமானவரைக் கூப்பிட்டு ஒப்படையுங்கள். பயன்படாத அறைகளை மாலையே பூட்டிவிடுவது இந்த வேலையில் பாதியை முடித்துவிடும்.

படி 9: போலீஸ் வாசலில் நின்றால்

முதல் வேலை இசையை நிறுத்துவது. இரண்டாவது, குடிக்காத ஒருவர் வெளியே வந்து, கதவைத் தன் பின்னால் சாத்திவிட்டுப் பேசுவது. "மன்னிக்கணும், நிறுத்திட்டோம்" என்றாலே பெரும்பாலும் எச்சரிக்கையோடு முடிந்துவிடும். உள்ளே பார்க்க வேண்டும் என்றால், பல நாடுகளில் வாரண்ட் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்கலாம். வழியை மறிக்காதீர்கள், பொய் சொல்லாதீர்கள்.

இந்த உரிமைக்கும் எல்லை உண்டு. யூட்டா மாநிலத்தில் அதிகாலை 3 மணிக்குச் சத்தம் என்ற புகாரின் பேரில் வந்த போலீசார், சமையலறையில் ஓர் இளைஞன் ஒரு பெரியவரின் முகத்தில் குத்துவதையும் அவர் ரத்தம் துப்புவதையும் வெளியிலிருந்தே பார்த்தார்கள். வாரண்ட் இல்லாமல் உள்ளே போனார்கள். 2006ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அது சரி என்றது. உள்ளே சண்டை நடந்தால் கதவு உங்களைக் காக்காது. சண்டை மூளும்போதே இருவரையும் பிரித்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புங்கள். அடங்கவில்லை என்றால் போலீசை நீங்களே கூப்பிடுங்கள்.

படி 10: யாராவது மயங்கிக் கிடந்தால்

"தூங்கட்டும், காலையில சரியாயிடும்" என்ற வார்த்தையை உங்கள் வீட்டில் யாரும் சொல்ல விடாதீர்கள். கடைசியாகக் குடித்தது வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு ஏறிக்கொண்டே இருக்கும், தூங்கும்போதும் போதை கூடும். மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் மூச்சடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்காருங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டு விட்டோ வருகிறது, உடல் சில்லென்று இருக்கிறது, உதடு நீலமாகிறது, இதில் எது இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸ்.

கூப்பிட்டால் நாமே மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் பலர் தள்ளிப்போடுகிறார்கள். சட்டம் இங்கே மறுபக்கம் நிற்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், உதவிக்கு அழைத்தவர் வயது குறைந்து குடித்தவராக இருந்தாலும் அதற்காக வழக்குப் போடாமல் விடும் விதிகள் உண்டு. அவ்வாறு விதி இல்லாத இடத்திலும், கூப்பிட்டவரின் நிலைமை கூப்பிடாதவரின் நிலைமையைவிட எவ்வளவோ மேல். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரை ஒருமுறை உங்கள் பொறுப்பில் எடுத்து அறையில் படுக்க வைத்துவிட்டால், அப்படியே விட்டுப் போவது பல நாட்டுச் சட்டங்களில் கடமை தவறுதல்.

படி 11: வழியனுப்பும்போது

அழைப்பிலேயே எழுதுங்கள்: குடிப்பவர்கள் வண்டி எடுத்து வர வேண்டாம். வந்தவர்கள் நுழையும்போதே சாவியை ஒரு கிண்ணத்தில் போட்டுவிடச் சொல்லுங்கள். குடிக்கும் முன் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள், குடித்த பின் கேட்டால் சண்டை. இரண்டு பேர் படுக்க பாயும் போர்வையும் தயாராக இருக்கட்டும். டாக்ஸிக்கு ஆகும் செலவை பார்ட்டிச் செலவில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒருவர் கேட்காமல் கிளம்பினால் அவர் வீட்டாருக்கு போன் செய்யுங்கள். அதையும் மீறி வண்டியை எடுத்தால், வண்டி எண்ணைச் சொல்லிப் போலீசைக் கூப்பிடுங்கள். நட்பு உடையலாம். அந்த கனடா வழக்கில் விருந்து கொடுத்தவர் காருவரை கூடவே போய், சரியாக இருக்கிறாயா என்று கேட்டார். ஒன்றும் பிரச்சினை இல்லை என்று பதில் வந்தது. குடித்தவரிடம் குடித்திருக்கிறாயா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அவர் குடித்த கிளாஸ்களை எண்ணியவரிடம் கேளுங்கள்.

படி 12: நடக்கக் கூடாதது நடந்துவிட்டால்

வைத்தியம் முதலில். அது நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர், விழுந்த இடம், விளக்கு, தரை, எல்லாவற்றையும் அப்படியே போட்டோ எடுக்கட்டும். யார் யார் பார்த்தார்கள் என்று பெயர்களைக் குறித்துவையுங்கள். நினைவிருப்பதை அன்றே, மணி நேரத்தோடு எழுதுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பை அழிக்காதீர்கள். பயத்தில் முதலில் செய்யத் தோன்றுவது அதுதான். அழித்த தகவல் மற்றவர்களின் போனில் இருக்கும், அழித்தது நீங்கள் என்பது மட்டும் நிரூபணமாகும். சமூக வலைதளத்தில் எதையும் எழுதாதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அடுத்த நாளே எழுத்தில் தெரிவியுங்கள், தாமதமாகச் சொன்னதையே காரணமாக்கி மறுக்கும் விதி பாலிசியில் இருக்கும். வக்கீல் கடிதம் வந்தால் நீங்களே பதில் எழுதாமல் அதை இன்சூரன்ஸுக்கும் உங்கள் வக்கீலுக்கும் அனுப்புங்கள். கடிதத்தில் கொடுத்திருக்கும் நாளைக் காலண்டரில் குறியுங்கள்.

அடிபட்டவரைப் போய்ப் பாருங்கள். போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சிலர் தடுப்பார்கள். இங்கிலாந்தில் 2006ன் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பதும் வைத்தியத்துக்கு உதவ முன்வருவதும் மட்டுமே பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது என்று எழுதியே வைத்திருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா அதே வருடம் மன்னிப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் யார் தவறு, எவ்வளவு தருவேன் என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். "உனக்கு இப்படி ஆனது எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு, என்ன வேணும் சொல்லு" என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.